இஸ்தான்புல்லுக்கு முடி நடப் போகும் முன்: வளைகுடாவுக்குப் புதிதாக வந்த நெல்லைக்காரர்களுக்கு

துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் வந்து மூன்று, நான்கு மாதம் ஆன நம்ம ஊர்ப் பையன்களிடம் ஒரே புலம்பல்தான். "தலையில கைய வச்சா கொத்தாக் கையோட வருது அண்ணாச்சி. இந்தக் கடல் தண்ணிதான் காரணம். ஊர்ல ஆத்துத் தண்ணியில குளிச்சப்போ இப்படி இல்லல்லா." அதே வாரத்தில் கைபேசியில் விளம்பரம் வந்து நிற்கும்: இஸ்தான்புல்லில் மூன்று நாள், ஓட்டல், கார், ஆபரேஷன் எல்லாம் ஒரே விலை, எத்தனை முடி வேண்டுமானாலும் நட்டுத் தருகிறோம் என்று. ஊரில் பெண் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். முதல் விடுப்பில் போய் இறங்கும்போது தலை நிறைந்திருக்க வேண்டும் என்ற அவசரத்தில் முன்பணம் கட்டிவிடுகிறார்கள். அப்படிப் போய்வந்த கடையநல்லூர்த் தம்பி ஒருவனின் பிடரியைப் பார்த்து வயிறு எரிந்துதான் இதை எழுதுகிறோம். அவனுக்கு இருபத்தாறு வயது. இனி எடுத்து நட அவன் தலையில் முடி இல்லை.

உங்கள் தலைக்கு ஆபரேஷன் தேவையா என்று முதலில் பாருங்கள். இடம் மாறி, சாப்பாடு மாறி, தூக்கம் கெட்டு, அல்லது டைபாய்டோ டெங்குவோ வந்துபோய், இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுக்கப் பரவலாக முடி கொட்டுவது உண்டு. புதிதாக வந்தவர்களுக்குக் கொட்டுவதில் பெரும்பகுதி இதுதான். வேர் சாகாது, காரணம் நீங்கினால் ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் தானே திரும்ப முளைக்கும். தண்ணீரைக் குறை சொல்லிப் பயனில்லை. குளோரின் முடியைச் சொரசொரப்பாக்கி ஒடிக்கும், வேரைக் கொல்லாது. காசு அளவில் வட்டமாக விழுந்தால் அது புழுவெட்டு. அதற்கு ஊசியும் மருந்தும்தான் வைத்தியம், அது பரவிக்கொண்டிருக்கும்போது நட்டால் நட்டதும் விழும். நெற்றியின் இரண்டு மூலையும் ஏறி, உச்சி மெலிவதுதான் பரம்பரை வழுக்கை. நடவு பெரும்பாலும் அதற்குத்தான். தோல் டாக்டரிடம் லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லி, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்துக் கையிருப்பு), தைராய்டு, சர்க்கரை நான்கையும் எடுத்துவிட்டு அப்புறம் பேசலாம்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். எமிரேட்ஸ் ரெசிடென்ஸ் மட்டும் இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் துருக்கியின் இணைய விசா கிடைக்காது. அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஒன்றின் விசாவோ வசிப்பு அனுமதியோ கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் விசா மையத்தில், பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் ஸ்டிக்கர் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஏஜென்ட் இதைச் சொல்லமாட்டார், முன்பணத்தை மட்டும் வாங்கிவிடுவார். புரொபேஷன் என்னும் சோதனைக் காலம் ஆறு மாதம்வரை போகலாம். அந்தக் காலத்தில் சம்பளத்தோடு நோய் விடுப்பு கிடையாது. கம்பெனி தரும் இன்சூரன்ஸில் அழகு சிகிச்சை இருக்காது. அதனால் வரும் சிக்கலும் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். பாலிசியின் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஏமாறுகிற இடம் இனிமேல்தான். நாற்றுப் பாவி நட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று விளங்கும். பிடரியில் ஒரு காதிலிருந்து மறு காது வரை ஓடும் பட்டைதான் நாற்றங்கால். அந்த முடிக்கு மட்டும் வழுக்கை பிடிக்காத குணம் உண்டு. பிடுங்கி முன்னால் நட்டாலும் அந்தக் குணம் போகாது. ஆனால் வயலில் கார் பருவ நெல்லுக்குப் பாவியதை எடுத்துவிட்டால் அடுத்த பருவமான பிசானத்துக்கு மறுபடி பாவலாமே, இங்கே அது முடியாது. எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. மொத்தக் கையிருப்பு அவ்வளவுதான்.

அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிடரியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 60 முதல் 80 வேர்க்கொத்து இருக்கும். ஒரு கொத்தைத்தான் கிராஃப்ட் என்கிறார்கள். அதில் ஒன்று முதல் நான்கு முடி, சராசரியாக இரண்டு. பாதிக்கு மேல் எடுத்தால் பிடரி எலி கடித்த பாய் மாதிரி தெரியும். அதனால் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க எடுக்கக்கூடியது 4,000 முதல் 6,000 கிராஃப்ட் வரைதான். இனி நடவு வயலை அளப்போம். நெற்றி முனை 10 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலம் என்றால் 50 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 40 வீதம் நட்டால் 2,000 கிராஃப்ட். உச்சியில் 10 சென்டிமீட்டர் விட்டத்துக்கு வட்டம் விழுந்திருந்தால் 78 சதுர சென்டிமீட்டர். 35 வீதம் நட்டாலும் 2,700 வேண்டும். நாற்பது வயதில் வழுக்கை முழுசாக விரிந்து 200 சதுர சென்டிமீட்டர் ஆகிவிட்டால் 8,000 கேட்கும். அவ்வளவு நாற்று பெரும்பாலோர் தலையில் கிடையாது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு அந்த விளம்பரத்தைப் பாருங்கள். போட்டோ மட்டும் பார்த்து, வாட்ஸப்பில் ஒருவர் "4,500 கிராஃப்ட், ஒரே நாளில்" என்று சொல்கிறார். அவர் டாக்டர் இல்லை, விற்பனையாளர். இருபத்தாறு வயதில் அத்தனையையும் எடுத்து, பதினாறு வயதுப் பையனுக்கு இருக்கிற மாதிரி நெற்றிக்கோட்டைத் தாழ்த்தி நெருக்கமாக நட்டுவிடுவார்கள். ஆறாம் மாதம் கண்ணாடியில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். பின்னால் இருக்கும் சொந்த முடி தன்பாட்டுக்குக் கொட்டிக்கொண்டே போகும். ஐந்து வருஷத்தில் முன்னால் ஒரு வரப்பு, அதற்குப் பின்னால் தரிசு. அதை நிரப்பப் பிடரியில் ஒன்றும் மிச்சமில்லை. எண்ணிக்கை கூட்டுவதற்காகப் பாதுகாப்பான பட்டைக்கு மேலும் கீழும் எடுத்திருந்தால் இன்னும் மோசம்: அந்த முடிக்கு வழுக்கை பிடிக்கும், நட்ட இடத்திலும் கொட்டும். மூன்று முடிக் கொத்தை மூன்றாக வெட்டி மூன்று கிராஃப்ட் என்று எண்ணுவதும் நடக்கிறது. ஆகவே கிராஃப்ட் எத்தனை என்று மட்டும் கேட்காதீர்கள். மொத்தம் எத்தனை முடி, ஒற்றை எத்தனை, இரட்டை எத்தனை, மும்முடி எத்தனை என்று கேளுங்கள். எடுத்த பிறகு கையிருப்பு எவ்வளவு மிஞ்சும் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராத இடத்தில் தலையைக் கொடுக்காதீர்கள்.

இருபத்தைந்துக்குக் கீழே என்றால் நல்ல டாக்டர் நடவை ஒத்திப்போடுவார். ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம் மாத்திரை, தலையில் தடவும் மினாக்சிடில் 5 சதவீதம் இரண்டையும் ஒரு வருஷம் பார்க்கச் சொல்வார். ஃபினாஸ்டரைடு சிலருக்கு ஆண்மை, மனநிலை சார்ந்த தொந்தரவு தரும். வெட்கப்படாமல் கேட்டுத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது. நட்ட பிறகும் சொந்த முடியைக் காக்க இந்த மருந்துகளை டாக்டர் தொடரச் சொல்வார். பேக்கேஜ் விலையில் அந்தச் செலவைச் சேர்த்தே எண்ணுங்கள்.

நடவு வேலையில் மூன்று கட்டம் உண்டு: 0.8 முதல் 1 மில்லிமீட்டர் குழல் ஊசியால் வேரை எடுப்பது, முன்னால் துளை போடுவது, துளையில் வைப்பது. துளையின் கோணம் தப்பினால் முடி ஆணி அடித்த மாதிரி நேராக நிற்கும். எடுக்கும் கோணம் தப்பினால் வேர் நடுவில் அறுந்து அந்த நாற்று வீண். துளை போடுவதும் எடுப்பதும் டாக்டர் கைவேலையாக இருக்க வேண்டும். விளம்பரத்தில் டாக்டர் முகம் இருக்கும். அறைக்குள் வருவது டெக்னீஷியன்கள் மட்டும், அதுவும் ஒரே நாளில் நாலைந்து தலை. எந்தக் கட்டத்தை யார் செய்வார்கள், அன்றைக்கு அந்த டாக்டருக்கு எத்தனை பேர் என்று பெயரோடு எழுதி வாங்குங்கள். வெளிநாட்டு நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்கத் துருக்கி சுகாதார அமைச்சகம் தனி அனுமதிச் சான்று தருகிறது. அதன் நகலையும் கேளுங்கள்.

மரத்துப்போகும் ஊசியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அட்ரினலின் கலந்த லிடோகெயின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 7 மில்லிகிராம், மொத்தம் 500 மில்லிகிராம் என்பது வழக்கமான உச்சவரம்பு. எழுபது கிலோ ஆளுக்கு 490 மில்லிகிராம். 2 சதவீத மருந்தில் அது 24 மில்லிலிட்டர் சொச்சம்தான். நாள் முழுக்க நீளும் பெரிய நடவில் வலிக்கிறது என்று சொல்லச் சொல்ல ஏற்றிக்கொண்டே போனால் வரம்பு தாண்டும். உதடும் நாக்கும் மரத்து, காதில் இரைச்சல் கேட்டு, வாயில் இரும்பு ருசி வந்தால் உடனே சொல்லிவிடுங்கள். அடுத்து வருவது வலிப்பு. 2016ல் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட இறுதியாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் இறந்துபோனார். ஆபத்து வெளிநாட்டில் மட்டுமல்ல, நம் நாட்டிலும் உண்டு என்பதற்காகச் சொல்கிறோம். 2022ல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்ததெல்லாம் பயிற்சி ஆகாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அவசரத்துக்கு ஆக்சிஜனும் டாக்டரும் இல்லாத இடம் எந்த ஊரில் இருந்தாலும் வேண்டாம்.

செலவை இப்படிப் போடுங்கள். மாதம் 3,000 திர்ஹம் சம்பளம் என்றால் ஒரு நாளுக்கு 100. சைட் வேலைக்காரருக்குப் பத்து, பன்னிரண்டு நாள் ஹெல்மெட் போட முடியாது, ஏனென்றால் நட்டது வேர் பிடிக்க ஏறக்குறைய பத்து நாள் ஆகும். அதற்குள் உரசினால் நாற்றோடு வந்துவிடும். ஆகச் சம்பளமில்லா விடுப்பு 1,200. அதோடு விசா, டிக்கெட், முன்பரிசோதனை, "கூடுதலாக" என்று அங்கே போனபின் தலையில் கட்டும் பிஆர்பி ஊசி (சொந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்துப் போடுவது), திரும்பி வந்தபின் இங்கே ஒரு தோல் டாக்டருக்கு மூன்று நான்கு தடவை, ஒரு வருஷ மருந்து. துபாயிலேயே உரிமம் உள்ள டாக்டரிடம் செய்தால் விலை கூடுதலாகத் தெரியும். இந்த வரிகளையெல்லாம் சேர்த்த பிறகு ஒப்பிடுங்கள். கோடையில் வேண்டவே வேண்டாம். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30 முதல் 3 மணிவரை வெளிவேலையையே அரசு தடுக்கும் வெயில் இது. புதுத் தோலுக்குக் குறைந்தது ஒரு மாதம் வெயில் ஆகாது.

திரும்பும்போது மருந்துப் பையைப் பிரித்துப் பாருங்கள். வலிக்கு டிராமடாலோ, கோடீனோ, பிரீகாபலினோ கொடுத்திருந்தால் அவை எமிரேட்ஸில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். முன் அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே வழக்கில் மாட்டலாம். பாராசிட்டமால் போதுமா என்று அங்கேயே கேட்டு மாற்றி வாங்குங்கள்.

முதல் கழுவலும் மறுபரிசோதனையும் முடியும்வரை, குறைந்தது மூன்று நாள் அங்கே இருங்கள். இரண்டாம் நாளிலிருந்து நெற்றி வீங்கிக் கண்ணுக்கு இறங்கும். பயப்பட வேண்டாம், தலையை உயர்த்திப் படுத்தால் வடிந்துவிடும். பொருக்கு ஏழு முதல் பத்து நாளில் உதிரும். அப்புறம் எட்டு வாரத்துக்குள் நட்ட முடியே கொட்டும். அதுவும் இயல்பு, வேர் உள்ளே இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் முளைவிடும், முழுப் பலன் தெரிய ஒரு வருஷம். விடுப்புக்கு இரண்டு மாதம் முன்னால் நட்டுக்கொண்டு போனால் இருந்ததை விடக் குறைந்த முடியோடுதான் பெண் வீட்டுப் படியேறுவீர்கள். காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ், நட்ட இடத்தின் நடுவே கறுப்புத் திட்டு, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டர்.

வயிற்றுச் சதை குறைக்கவும் மார்பகச் சிகிச்சைக்கும் பாங்காக், இஸ்தான்புல் போகும் பெண்களுக்கு ஆபத்தின் அளவே வேறு. கொழுப்பு உறிஞ்சுதலுக்கும் மார்பகச் சிகிச்சைக்கும் பிறகு 5 முதல் 7 நாள், வயிறு, மூக்கு, முகச் சிகிச்சைக்குப் பிறகு 7 முதல் 10 நாள் விமானம் ஏறக்கூடாது என்று பிரிட்டிஷ் சுகாதாரத் துறை சொல்கிறது. காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகலாம். ஐந்து லிட்டருக்கு மேல் உறிஞ்சுவதை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பும் இடத்தில் செய்யாதீர்கள். இடுப்புக்குக் கீழே பிட்டத்தில் கொழுப்பை ஏற்றும் சிகிச்சை அழகு அறுவைகளில் இறப்பு விகிதம் மிக அதிகமான ஒன்று, அதைத் தவிர்த்துவிடுங்கள். புண் ஆறின பிறகு, வாரங்கள் கழித்து, தையல் அருகே கட்டியாகக் கிளம்பி வழக்கமான ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காவிட்டால், காசநோய்க் கிருமியின் உறவான ஒரு வகைக் கிருமியாக இருக்கலாம். "வெளிநாட்டில் ஆபரேஷன் செய்தேன்" என்று மறைக்காமல் சொன்னால்தான் டாக்டர் அந்தக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையை எடுப்பார். வைத்தியம் மாதக்கணக்கில் ஓடும்.

எங்கே செய்தாலும் கிளம்பும் நாளில் ஆபரேஷன் குறிப்பை ஆங்கிலத்தில் வாங்குங்கள்: எடுத்த எண்ணிக்கை, எடுத்த இடம், குழல் ஊசியின் அளவு, ஏற்றிய மருந்துகள். திருவனந்தபுரத்தில் இறங்கி ஊருக்குப் போனபின் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் காட்ட நேர்ந்தாலும் அந்த ஒரு தாள்தான் பேசும்.

இன்னொன்று, நம் பக்கத்து ஆட்களுக்கு மட்டும். எடுத்த ஒவ்வொரு இடத்திலும் கடுகளவில் வெள்ளைப் புள்ளி நிற்கும். முடி இருந்தால் மறையும், மழித்தால் தெரியும். திருச்செந்தூரிலோ பழனியிலோ மொட்டை நேர்ந்திருந்தால் முதலில் அதை முடித்துவிடுங்கள். மூன்று மாதம் வளரவிட்டு, எண்ணெய் தடவாத தலையோடு டாக்டரிடம் போய் உட்காருங்கள்.