ஆற்றங்கரையில் வீடு வாங்கும் முன்: வெள்ள ஆபத்தைப் பார்ப்பது எப்படி, இன்சூரன்ஸ் எடுப்பது எப்படி?

அமெரிக்காவில் நகரத்தை விட்டுத் தள்ளிப் போய், ஆற்றை ஒட்டி இரண்டு மூன்று ஏக்கரோடு ஒரு வீடு வாங்க வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கும் உண்டு. நல்ல ஆசைதான். ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்: வழக்கமான ஹோம் இன்சூரன்ஸ் பாலிசி வெள்ளத்துக்குப் பணம் தராது. தீப்பிடித்தால் தரும், பைப் வெடித்தால் தரும். ஆறு கரை தாண்டி வீட்டுக்குள் வந்தால் ஒரு டாலரும் வராது. அதற்குத் தனி பாலிசி வேண்டும். பெரும்பாலும் அது 1968-இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தின் பாலிசியாக இருக்கும். அந்தத் திட்டத்தை நடத்துவது ஃபெமா, அதாவது அமெரிக்க மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு.

படி 1: வரைபடத்தைப் பாருங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள்

ஃபெமாவின் வெள்ள வரைபடத் தளத்தில் முகவரியைக் கொடுத்தால் வீடு எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று காட்டும். 'ஏ' என்ற எழுத்தில் தொடங்கும் மண்டலம் என்றால் அதிக ஆபத்துள்ள பகுதி. எந்த ஓர் ஆண்டிலும் அங்கே வெள்ளம் வர குறைந்தது 1 சதவீத வாய்ப்பு. இதைத்தான் 'நூறாண்டு வெள்ளம்' என்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டு, போன வருடம் வந்துவிட்டது, இனி நூறு வருடம் கவலையில்லை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். கணக்கு அப்படி இல்லை. 30 ஆண்டு வீட்டுக் கடன் முடிவதற்குள் அந்த வெள்ளம் ஒரு முறையாவது வர சுமார் 26 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நான்கில் ஒரு பங்கு!

இந்த மண்டலத்தில் உள்ள வீட்டுக்கு அரசு ஆதரவுள்ள கடன் வாங்கினால் வெள்ளக் காப்பீடு கட்டாயம். 'எக்ஸ்' மண்டலம், அதாவது ஆபத்து குறைவு என்று குறித்த பகுதி என்றால் சட்டக் கட்டாயம் இல்லை. இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். வரைபடக் கோடு சொல்வது கடன் கொடுப்பவர் உங்களைக் கட்டாயப்படுத்த வேண்டுமா என்பதை. தண்ணீர் அந்தக் கோட்டில் நின்றுவிடும் என்று யாரும் உறுதி தரவில்லை.

கிராமப்புற கவுன்ட்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரிய ஆற்றை விரிவாக ஆய்வு செய்திருப்பார்கள். அதில் வந்து சேரும் சின்ன ஓடையை ஆய்வே செய்யாமல் விட்டிருக்கலாம். வரைபடத்தில் அந்த ஓடையைச் சுற்றி நிறமே இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தமாகாது, யாரும் இன்னும் அளந்து பார்க்கவில்லை என்றும் இருக்கலாம். அதனால் கவுன்ட்டி அலுவலகத்தில் வெள்ளச் சமவெளி நிர்வாகியை ('ஃப்ளட்ப்ளெய்ன் அட்மினிஸ்ட்ரேட்டர்') கூப்பிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த கவுன்ட்டி தேசியத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா? சேராவிட்டால் அங்கே அந்த பாலிசியே கிடைக்காது. இந்தச் சாலையில் இதற்கு முன் தண்ணீர் எதுவரை வந்தது?

படி 2: வீட்டின் உயரமும் வெள்ளத்தின் உயரமும்

'ஏஇ' மண்டலம் என்றால் வரைபடத்தில் ஓர் எண் இருக்கும். அந்த 1 சதவீத வெள்ளம் எந்த உயரம்வரை ஏறும் என்பதுதான் அது. உதாரணத்துக்கு கடல் மட்டத்திலிருந்து 612 அடி என்று வைத்துக்கொள்வோம். சர்வேயர் ஒருவரை அழைத்து 'எலிவேஷன் சர்டிஃபிகேட்' வாங்கினால் உங்கள் வீட்டின் தரைத்தளம் எத்தனை அடி, வீட்டை ஒட்டிய மண்ணின் மிகத் தாழ்வான இடம் எத்தனை அடி என்று எழுதித் தருவார். தளம் 615, மண் 613 என்றால் ஓரளவு நிம்மதி. தளம் 610 என்றால் இரண்டு அடி தண்ணீர் ஹாலுக்குள் நிற்கும். சோபாவின் இருக்கை மூழ்கிவிடும்.

இயற்கையான மண்ணின் தாழ்வான இடமே 612-க்கு மேல் இருந்தால், வரைபடத்தில் திருத்தம் கேட்டு ஃபெமாவுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு ஃபெமா கட்டணம் வாங்குவதில்லை, சர்வேயர் செலவு மட்டும் உங்களுடையது. திருத்தம் கிடைத்தாலும், என்னைக் கேட்டால், பாலிசியை விட்டுவிடாதீர்கள்.

படி 3: ஆற்றின் அளவுகோலைப் படியுங்கள்

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் ஆறுகளில் நீர்மட்ட அளவுகோல்கள் வைத்திருக்கிறது. தேசிய வானிலை சேவையின் தளத்தில் உங்கள் ஊருக்கு அருகில் உள்ள அளவுகோலைத் திறந்தால் இன்றைய மட்டமும், இதுவரை வந்த பெரிய வெள்ளங்களின் பட்டியலும் கிடைக்கும்.

புதியவர்கள் குழம்பும் இடம் இது. அளவுகோல் '24 அடி' என்று காட்டினால் அது கடல் மட்டத்திலிருந்து 24 அடி அல்ல. அந்த அளவுகோலுக்கென்று ஒரு பூஜ்ய உயரம் உண்டு. அது 590 என்றால், 590 + 24 = 614. அளவுகோல் இருக்கும் இடத்தில் தண்ணீர் 614 அடியில் நிற்கிறது. உங்கள் வீடு அளவுகோலுக்கு முன்பாக, ஆறு வரும் பக்கத்தில் இருந்தால் அங்கே நீர்மட்டம் இன்னும் உயரமாக இருக்கும், ஏனென்றால் ஆறு சரிந்து ஓடுகிறது.

எவ்வளவு வேகமாக ஏறும் என்பதையும் பாருங்கள். 2025 ஜூலை 4 அதிகாலை டெக்சாஸின் கெர் கவுன்ட்டியில் குவாடலூப் ஆறு 45 நிமிடத்தில் சுமார் 26 அடி ஏறியதாக அதிகாரிகள் சொன்னார்கள். அந்த ஒரு கவுன்ட்டியில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். எந்தக் காப்பீடும் உயிரைத் திருப்பித் தராது. மேட்டுக்குப் போகும் வழி எது, அந்த வழியில் தாழ்வான பாலம் இருக்கிறதா என்பதைப் பகலிலேயே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

படி 4: நிலத்தில் நடந்து பாருங்கள்

வேலிக் கம்பியில் காய்ந்த புல்லும் குச்சியும் சிக்கியிருக்கிறதா? மரப்பட்டையில் ஒரே உயரத்தில் மண் கறை இருக்கிறதா? ஆறு விட்டுப்போன அடையாளம் அது. அப்புறம் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பேசுங்கள்.

படி 5: பாலிசி எடுப்பது

தேசியத் திட்டத்தில் வீட்டுக் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், சாமான்களுக்கு 1,00,000 டாலர். இரண்டும் தனித்தனி. கட்டடத்துக்கு மட்டும் எடுத்துவிட்டு, ஃப்ரிட்ஜும் கட்டிலும் அதில் அடங்கும் என்று நினைக்காதீர்கள். டிடக்டிபிளும் (இழப்பில் முதலில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை) இரண்டுக்கும் தனித்தனியே கழியும்.

2021 அக்டோபரிலிருந்து பிரீமியம் கணக்கிடும் முறை மாறிவிட்டது. இப்போது மண்டல எழுத்தை வைத்து அல்ல, தண்ணீர் எவ்வளவு தூரம், தளம் எவ்வளவு உயரம், வீட்டைத் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்பதையெல்லாம் வைத்துக் கணக்கிடுகிறார்கள். அதனால் விலை பேசும் முன்பே ஏஜென்டிடம் பிரீமியம் கேட்டு வாங்குங்கள். விற்பவரிடம் பாலிசி இருந்தால் அதை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியும். அவர் சலுகைக் கட்டணத்தில் இருந்தால் அது உங்களுக்கு லாபம்.

மறக்கவே கூடாதது 30 நாள் காத்திருப்பு. பாலிசி எடுத்து 30 நாள் கழித்துத்தான் பொதுவாக அது செல்லுபடியாகும். வீட்டுக் கடனுக்காக எடுக்கும்போது இந்தக் காத்திருப்பு கிடையாது. புயல் செய்தி பார்த்துவிட்டு ஏஜென்டுக்கு போன் செய்தால் காலம் கடந்துவிட்டிருக்கும்.

படி 6: எது கிடைக்காது என்று படியுங்கள்

கிராமத்து வீட்டுக்கு இதுதான் முக்கியம். கிணறு, செப்டிக் டேங்க், வேலி, டெக், நிலம், பயிர், கால்நடை எதற்கும் பணம் வராது. கார் இந்த பாலிசியில் வராது, அதற்குப் பணம் வர, கார் இன்சூரன்ஸில் காம்ப்ரிஹென்சிவ் (மோதல் அல்லாத சேதத்துக்கான பகுதி) இருக்க வேண்டும். வீடு காயும்வரை மோட்டலில் தங்கும் செலவும் உங்கள் கையிலிருந்துதான்.

பேஸ்மென்டில் ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், எலக்ட்ரிக் பேனல் போன்றவை அடங்கும். ஆசையாசையாகப் போட்ட மரத்தரை, டிவி, சோபா எதுவும் அடங்காது. சாமான்களுக்குப் புது விலை தரமாட்டார்கள், தேய்மானம் கழித்த மதிப்புதான். பத்து வருட வாஷிங் மெஷினுக்கு எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

படி 7: இன்றே வீடியோ, வெள்ளத்துக்குப் பிறகு 60 நாள்

ஒவ்வொரு அறையையும் போனில் வீடியோ எடுங்கள். அலமாரியைத் திறந்து காட்டுங்கள். ஃப்ரிட்ஜ், வாட்டர் ஹீட்டரின் பின்புறம் உள்ள சீரியல் எண்ணைப் படம் பிடித்து கிளவுடில் போட்டுவையுங்கள். சரி, வெள்ளம் வந்து வடிந்துவிட்டது என்றால், நனைந்ததைத் தூக்கி எறியும் முன் படம் எடுங்கள். கார்பெட்டில் ஒரு துண்டு வெட்டி வையுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டுக்குப் பக்கத்தில் அளவு டேப்பைப் பிடித்து ஒரு படம் எடுத்தால் மதிப்பீட்டாளருக்கு அது போதும். எவ்வளவு இழப்பு என்று நீங்கள் எழுதிக் கையெழுத்திட்ட இழப்புச் சான்றை ('ப்ரூஃப் ஆஃப் லாஸ்'), வெள்ளம் வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த 60-ஆம் நாளை, சேற்றைக் கழுவத் தொடங்கும் முன்பே காலண்டரில் குறித்துவிடுங்கள்.