‘தூய நிலக்கரி’ என்று சொன்னால் என்ன கேட்க வேண்டும்?

அனல் மின் நிலையத்தில் முப்பது ஆண்டுகள் கொதிகலன் பக்கம் நின்றவன் நான். திருநகரில் என் வீட்டு வாசலுக்கு மாலையில் படிக்க வரும் பிள்ளைகள், பத்திரிகையில் ‘தூய நிலக்கரி’, அதாவது மாசு குறைத்து எரிக்கும் நிலக்கரி, என்று பார்த்தால் எடுத்து வந்து நீட்டுவார்கள். அவர்களுக்குச் சொல்லித்தரும் முறை இது.

புகைபோக்கியைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் நீராவி. கந்தக டை ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் கண்ணுக்கே தெரியாது. எதைப் பிடித்தீர்கள், பிடித்ததை என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

சாம்பலில் தொடங்கலாம். நம் நாட்டு நிலக்கரி நூறு கிலோ எரிந்தால் முப்பது, நாற்பது கிலோ சாம்பல் மிஞ்சும். மாவுபோல் பறக்கும் அந்தத் தூளைப் பிடிப்பது ஈ.எஸ்.பி. என்னும் மின்னூட்டத் தூள்பிடிப்பான். தலையில் தேய்த்த சீப்பு காகிதத் துணுக்கை இழுக்குமே, அதே வித்தைதான். தூளுக்கு மின்னூட்டம் ஏற்றித் தகடுகளில் ஒட்டவைத்து, தட்டித் தட்டி உதிர்ப்பார்கள். ஒழுங்காகப் பராமரித்தால் 99 விழுக்காட்டுக்கு மேல் பிடிபடும். பராமரிப்பு தளர்ந்தால் ஊரார் மாடியில் துணி காயப்போட முடியாது. பிடித்த உலர் சாம்பல் சிமெண்டுக்கும் செங்கல் போன்ற கட்டடக் கல்லுக்கும் போகிறதா, குட்டையில் தேங்குகிறதா? பிள்ளைகள் தூக்கிப் பார்க்கட்டும் என்றே வாசலில் ஒரு சாம்பல் கல் வைத்திருக்கிறேன்.

கந்தகத்துக்குச் சுண்ணாம்புக்கல் கரைசல். புகையில் தெளித்தால் ஜிப்சம் கிடைக்கும். அதை ஓட்டவே நிலையத்தின் மின்சாரத்தில் ஒரு பங்கு செலவாகும். ஆகவே கருவி இருக்கிறதா என்பதோடு, தினமும் ஓடுகிறதா என்றும் கேளுங்கள்.

அடுத்து கொதிகலனின் அழுத்தம். அதுவும் வெப்பமும் கூடினால், அதே கரியில் கூடுதல் மின்சாரம் எடுக்கலாம். 221 பார் (வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 220 மடங்கு), 374 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தண்ணீர் குமிழிவிட்டுக் கொதிக்காது. நேரே ஆவியின் குணத்துக்கு மாறிவிடும். தூத்துக்குடியின் 210 மெகாவாட் அலகுகள் அதற்குக் கீழே இயங்குபவை; உடன்குடியின் 660 மெகாவாட் அலகுகள் அதற்கு மேல். திறன், அதாவது கரியின் வெப்பத்தில் மின்சாரமாகும் பங்கு, 35 விழுக்காட்டிலிருந்து 40 ஆனால், யூனிட்டுக்கு எட்டில் ஒரு பங்கு நிலக்கரி மிச்சம். எனக்கு மிகவும் பிடித்த முன்னேற்றம் இதுதான்: எரிக்காத கரிக்குச் சாம்பலும் இல்லை, புகையும் இல்லை.

கடைசியாக, மிகக் கடினமான கார்பன் டை ஆக்சைடு. மேலே சொன்ன எந்தக் கருவியும் அதைப் பிடிக்காது. தூத்துக்குடியில் ஒரு தொழிற்சாலை 2016 முதல் தன் கொதிகலன் புகையிலிருந்து அதைப் பிரித்துச் சோடா உப்பு செய்தது. ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் ஏற்பாடு. எனக்குப் பெருமைதான். ஆனாலும் பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்வேன்: 210 மெகாவாட், 24 மணி நேரம், யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரே அலகு முழுச் சுமையில் ஓடினால், அந்த 60,000 டன் பன்னிரண்டு நாளில் வந்துவிடும்.