டரான்டுலா பெட்டியில் ஈ மொய்க்கிறதா? சக்கையிலிருந்து தொடங்குங்கள்

வீட்டில் வளர்க்கும் பெரிய மயிர்ச் சிலந்தியான டரான்டுலாவின் பெட்டிக்குள் குட்டி ஈ தென்பட்டதும் எல்லோரும் முதலில் தேடுவது பொறியைத்தான். பொறியில் ஈ மாட்டும், மண்ணுக்குள் நெளியும் புழு மாட்டாது. என் வீட்டுப் பெட்டிகளில் தொல்லை அடங்கிய வழியை வரிசையாகச் சொல்கிறேன்.

எந்த ஈ?

கொசு மாதிரி மெலிந்த உடல், நீளக் கால், தள்ளாடிப் பறக்கிறது என்றால் அது ஃபங்கஸ் நாட். இதன் புழு ஈர மண்ணில் இருக்கும் பூஞ்சையைத் தின்னும், சிலந்தியை ஒன்றும் செய்யாது. மண்ணைக் காயவிடுங்கள், அடங்கும். முதுகு கூனி, பறப்பதைவிட விட்டுவிட்டு ஓடுவதே அதிகம் என்றால் அது ஃபோரிட் ஈ. இதுதான் ஆபத்து. அழுகும் இரையில் முட்டையிடும். சிலந்திக்குக் காயம் இருந்தாலோ, சட்டை உரித்து உடம்பு மென்மையாக இருந்தாலோ, புழுக்கள் அங்கும் நுழைந்துவிடும்.

சக்கையை அகற்றுங்கள்

சிள்வண்டின் சாற்றை உறிஞ்சிவிட்டுச் சிலந்தி ஒதுக்கும் உருண்டைதான் ஈக்குத் தொட்டில். இரை போட்ட மறுநாளே எடுத்துவிடுங்கள். நீள இடுக்கி வேண்டும், நுனியில் ரப்பர் இருப்பதையே வாங்குங்கள். சிலந்தி பாய்ந்து கடித்தாலும் அதன் பல்லுக்குச் சேதம் வராது. சிள்வண்டு வளர்க்கும் டப்பாவையும் பாருங்கள், அங்கே செத்துக் கிடப்பவற்றிலும் ஈ பெருகும்.

மண் மாற்றம்

பலர் தடுக்கி விழும் இடம் இது. மண்ணை மாற்றியாயிற்று, சில வாரத்தில் ஈ மறுபடியும் வந்துவிட்டது என்பார்கள். முற்றிய ஃபோரிட் புழு ஈரத்தை விட்டு ஏறி, காய்ந்த இடம் தேடிக் கூட்டுப்புழு ஆகும். மூடியின் விளிம்பு, காற்றுத் துளை, தண்ணீர்க் கிண்ணத்தின் அடி, கார்க் பட்டையின் பிளவு, எல்லா இடத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். பழுப்பு நிறத்தில், அரிசி நொய் அளவில், ஒரு முனையில் இரண்டு கொம்போடு ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டாமல் மண்ணை மட்டும் மாற்றிப் பயனில்லை.

சிலந்தியை டிஷ்யூ தாள் விரித்த, காற்றோட்டமுள்ள தனி டப்பாவுக்கு மாற்றி, சிறு கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். பழைய மண்ணைப் பையில் இறுகக் கட்டி அன்றே வெளியேற்றுங்கள். பெட்டியைச் சோப்பு கலந்த வெந்நீரில் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, சோப்பு வாடையே இல்லாதபடி அலசுங்கள். அக்ரிலிக் பெட்டியில் கொதிநீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும். கார்க் பட்டையை வேகவைக்கலாம், ஆனால் புதிது வாங்குவதே எனக்குப் பிடித்தது. முட்டை ஈயாக ஏறத்தாழ 2 முதல் 3 வாரம் ஆகும் என்பதால், அதுவரை சிலந்தி தனி டப்பாவிலேயே இருக்கட்டும்.

சிலந்தி மல்லாந்து படுத்துச் சட்டை உரிக்கிறதென்றால் தொடாதீர்கள். வெளுத்திருக்கும் புதுப் பல் நன்றாகக் கறுத்து இறுகிய பிறகே மாற்றுங்கள். அதுவரை சக்கையை மட்டும் எடுங்கள்.

வலையும் பொறியும்

காற்றுத் துளைகளின் வெளிப்பக்கத்தில் நுண்ணிய எஃகு வலையை ஒட்டுங்கள். உள்ளே ஒட்டினால் சிலந்தியின் நகம் மாட்டும். வலை காற்றைக் குறைக்கும், கூடுதலாகத் துளை போடுங்கள். பெட்டிக்கு வெளியே ஒரு கிண்ணத்தில் ஆப்பிள் வினிகரும் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பும் வையுங்கள். மஞ்சள் ஒட்டு அட்டையும் வெளியேதான். உள்ளே வைத்தால் சிலந்தி ஒட்டிக்கொண்டு உயிரையே இழக்கலாம். பூச்சிமருந்தோ கொசுவர்த்தியோ அந்த அறையில் வேண்டவே வேண்டாம். ஈயைக் கொல்வது சிலந்தியையும் கொல்லும்.

பின்சேர்க்கை

"மண்ணைக் காயவிடச் சொன்னீர்கள், என்னுடையது தெரபோசா ஸ்டிர்மியாச்சே?" என்று ஈரம் விரும்பும் அந்த டரான்டுலா இனத்தை வளர்ப்பவர்கள் கேட்டிருந்தார்கள். கிராமோஸ்டோலா புல்க்ரா போன்ற இனங்கள் காய்ந்த மண்ணில் தண்ணீர்க் கிண்ணத்தோடு சுகமாக இருக்கும், ஸ்டிர்மிக்கு ஈரம் கட்டாயம். மூலையில் தண்ணீரை மெல்ல ஊற்றி அடிமண்ணை நனையுங்கள், மேல்மண் காய்ந்திருக்கட்டும்.

கொசுப்புழுவைக் கொல்லத் தண்ணீரில் போடும் பிடிஐ (Bti) என்ற பாக்டீரியா வில்லை பற்றியும் கேள்வி வந்தது. ஃபங்கஸ் நாட் புழுவுக்கு அது நன்றாக வேலை செய்யும். ஃபோரிட்டுக்கு அதை நம்பாதீர்கள், இடுக்கியை எடுங்கள்.