ஒப்பந்தத்தில் எதிரே இருப்பது ஆளா, கம்பெனியா?

ஒப்பந்தத்தைக் கையில் எடுத்ததும் நான் விலையைப் பார்ப்பதில்லை. கையெழுத்திடும் இடத்தைத்தான் பார்ப்பேன். நிறுவனத்தின் பதிவுப் பெயர் முழுமையாக இருக்கிறதா? கையெழுத்திடுபவரின் பதவி அதன் கீழே இருக்கிறதா? ஒருமுறை முதலாளியின் வெறும் பெயரை நம்பி, எட்டு மாதம் பாக்கிக்கு அலைந்தேன்.

சட்டத்தின் கண்ணில் நிறுவனம் ஒரு தனி நபர். சொத்து வாங்கும், கடன்படும், வழக்குப் போடும். 1896-இல் பிரிட்டனின் அன்றைய உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, சாலமன் வழக்கில் இதை அழுத்தமாகச் சொன்னது. பூட்ஸ் வியாபாரி சாலமனிடம் 20,007 பங்குகளில் 20,001 இருந்தன. (மீதி ஆறும் மனைவி, மக்களிடம்!) ஆனாலும் கம்பெனியின் கடன் அவருடைய கடன் அல்ல என்றே தீர்ப்பு வந்தது. ஆகவே முதலாளியின் பெரிய வீட்டைப் பார்த்து மயங்காதீர்கள். சந்தேகமிருந்தால் அவரிடம் தனிப்பட்ட உத்தரவாதம் எழுதி வாங்கிவிடுங்கள்.

'பொறுப்புள்ள நிறுவனக் குடிமகன்' என்று விளம்பரம் வந்தால்? நபர் என்பதாலேயே குடிமகன் ஆகிவிட முடியாது. எந்தக் கம்பெனிக்கும் பாஸ்போர்ட் கிடையாது. அது நடத்தையைக் குறிக்கும் உவமைதான். மரம் நடும் படங்களைத் தள்ளிவிட்டு, வரி, சம்பளம், கழிவுநீர் பற்றி ஆண்டறிக்கையில் என்ன இருக்கிறது என்று தேடுங்கள்.