பழகிய கைதான் கடி வாங்கும்: விலங்குக் காப்பக ஊழியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு ஹென்னூர்ப் பக்கம் ஒரு நாய்க் காப்பகத்தில் ஐந்து வருஷம் வேலை பார்த்தேன். லிங்கராஜபுரம், அல்சூரிலிருந்து வரும் நம்மாட்கள் பாதி. கோலார், மண்டியாக்காரர்கள் மீதி. சேர்ந்த வாரமே நான் கற்றுக்கொண்ட கன்னடம் ‘ஏனூ ஆகல்ல’. ஒன்றும் ஆகாது என்று அர்த்தம். கையில் கீறலைக் காட்டினால் ஏனூ ஆகல்ல. ஊசி குத்திவிட்டது என்றாலும் ஏனூ ஆகல்ல. அங்கே நான் பார்த்த கடிகளில் பெரும்பாலானவை புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு விழுந்தவை அல்ல. புது ஆள் பயந்துகொண்டு நாலடி தள்ளி நிற்பான். பத்து வருஷம் நாய் பிடித்த அண்ணன்மார்தான் கடிபட்டார்கள்.

“தொண்டையில எலும்பு மாட்டியிருக்கு”

வெறிநாய் என்றதும் நுரை தள்ளிக்கொண்டு எதிர்ப்பட்டவரையெல்லாம் துரத்தும் நாய்தான் நினைவுக்கு வரும். அதைப் பார்த்து யாரும் ஏமாறுவதில்லை. ஏமாற்றுவது ஊமை வெறி. கீழ்த்தாடை தொங்கிப்போயிருக்கும், எச்சில் ஒழுகும், தண்ணீரை நக்கப் பார்த்துவிட்டு விழுங்க முடியாமல் நிற்கும், குரல் மாறியிருக்கும். மற்றபடி சாது போல மூலையில் சுருண்டு கிடக்கும்.

ஒரு மழைநாள் சாயங்காலம் ஆட்டோக்காரர் ஒருவர் அப்படிப்பட்ட நாயைக் கொண்டுவந்தார். “எலும்பு மாட்டியிருக்கு சார், ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிடல.” எங்கள் மூத்த அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டு, வெறும் விரலை உள்ளே விட்டுத் தேடினார். எலும்பு இல்லை. மூன்றாம் நாள் நாய் செத்தது; சோதனையில் வெறிநோய் உறுதியானது. அன்று காலை நாய்களுக்குக் கோழி வெட்டியபோது அவர் விரலில் கத்தி பட்டிருந்தது.

கடி விழவே வேண்டாம். எச்சில் பச்சைப் புண்ணில் பட்டாலோ கண்ணில் தெறித்தாலோ போதும். வைரஸ் நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு ஏறும். அறிகுறி தொடங்கிய பிறகு பிழைத்தவர்கள் உலகம் முழுக்கத் தேடினாலும் மிகச் சொற்பம். அண்ணன் நேரத்துக்கு ஊசி போட்டுக்கொண்டதால் இன்றைக்கும் நாய் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே தாடை தொங்கி எச்சில் ஒழுகும் நாய் வந்தால், ‘வெறிநோய் இல்லை’ என்று டாக்டர் சொல்லும்வரை அது வெறிநோய்தான். தனிக் கூண்டில் விடுங்கள். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வாய்ப்பக்கம் போகாதீர்கள். செத்துவிட்டால் அவசரப்பட்டுக் குழி தோண்டிப் புதைப்பது அடுத்த தவறு. ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் வெறிநோய்க்கென்றே பரிசோதனைக்கூடம் இருக்கிறது; நிமான்ஸ் மருத்துவமனையிலும் சோதிக்கிறார்கள். மூளை மாதிரியை எடுப்பது பயிற்சி பெற்றவரின் வேலை. தலையை வெட்டித் தருகிறேன் என்று நீங்கள் கத்தியைத் தூக்க வேண்டாம்.

இரண்டு சொம்பு தண்ணீர் போதாது

கடிபட்டவுடன் சோப்புப் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். ஒரு தடவை கடிகாரம் பார்த்துக் கழுவிப் பாருங்கள், அது எவ்வளவு நீளமான நேரம் என்று தெரியும். எங்கள் ஆட்கள் இரண்டு சொம்பு ஊற்றிவிட்டுத் துண்டால் கட்டிக்கொள்வார்கள். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. அதைச் சோப்பு கரைத்துவிடும். அதனால்தான் வெறும் தண்ணீரைவிடச் சோப்புக்கு இத்தனை மரியாதை. பிறகு பொவிடோன் அயோடின் தடவலாம். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் கூடாது. இறுக்கிக் கட்டுவதும் அவசரமாகத் தையல் போடுவதும் வேண்டாம்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்கே போகாத பெரியவர்களை இன்னும் பார்க்கிறேன். அந்தப் பழைய மருந்தை நாட்டில் நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. இப்போது கையில்தான். முதல் ஊசி போடும் நாள்தான் 0. தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28. முதல் மூன்றுக்கு ஒழுங்காகப் போய்விட்டு, காயம் ஆறியதும் 28ஆம் நாளை மறப்பவர்கள்தான் அதிகம். சீட்டு வாங்கும்போதே போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.

இரத்தம் வரும்படி பல் இறங்கியிருந்தாலோ, புண்ணிலோ கண்ணிலோ எச்சில் பட்டிருந்தாலோ தடுப்பூசி மட்டும் போதாது. இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் செலுத்த வேண்டும். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும்வரை அதுதான் காவல். முதல் ஊசி போட்டு ஏழு நாளுக்குள் கொடுக்காவிட்டால் பயனில்லை. “அந்த ஊசி எனக்குத் தேவையா டாக்டர்?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் எதற்கு?

இதையெல்லாம்விட முக்கியம், வேலைக்குச் சேரும்போதே முன்தடுப்பு ஊசி போடுவது: 0, 7, பிறகு 21 அல்லது 28ஆம் நாள். ‘யாராவது கடிபடட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று நிர்வாகம் இழுத்தால் ஊழியர்கள் சேர்ந்து கேட்க வேண்டிய முதல் உரிமை இதுதான் என்பேன். ஆனால் இதிலும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. “நான்தான் மூணும் போட்டுட்டேனே” என்று கடிபட்ட பிறகு சும்மா இருந்துவிடுவார்கள். முன்பே முழுதாகப் போட்டவருக்கும் கடிக்குப் பிறகு 0, 3 நாட்களில் இரண்டு ஊசி உண்டு. அவருக்குத் தேவைப்படாதது இம்யூனோகுளோபுலின் மட்டுமே. கழுவுவது எல்லோருக்கும் பொது.

மயக்கத்தில் இருக்கும் நாய்

கருத்தடை அறுவைக்குச் சைலசின் என்ற மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்த நாய் கட்டையாகக் கிடக்கும். ஆனால் திடீரென்று தட்டு விழுந்தாலோ காதைத் தொட்டாலோ சட்டென்று தலையைத் திருப்பிக் கவ்விவிடும். தூங்குகிறது என்று வாய்க்கட்டைக் கழற்றிவிட்டு வாயருகே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். அதற்காகத் தெளியும்வரை கட்டியே வைப்பதும் ஆபத்து; வாந்தி வந்தால் நாய்க்கு மூச்சு அடைத்துவிடும். எப்போது கழற்றுவது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். அறையில் சத்தம் குறையட்டும்.

அதே அறையில் நடக்கும் இன்னொரு கெட்ட பழக்கம், போட்ட ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டுவது. மாட்டும்போதுதான் விரலில் குத்தும். மூடாமல் நேராகத் துளைபடாத வெள்ளை டப்பாவில் போட வேண்டும். 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் கால்நடை மருத்துவமனைகளுக்கும் பொருந்தும் என்பது பல காப்பகங்களுக்கு உறைப்பதே இல்லை. குப்பைப் பையில் ஊசி கிடந்தால் குத்துவது நமக்கல்ல, குப்பை அள்ள வரும் அக்காவுக்கு.

நாய்ச் சண்டையைப் பற்றி ஒரே வரி: நடுவில் கை விடாதீர்கள். வாளித் தண்ணீரை வீசுங்கள், தகரத்தட்டைத் தட்டுங்கள், அட்டையை இடையில் செருகுங்கள். கழுத்துப்பட்டியை எட்டிப் பிடித்தவர் கையில்தான் பல் பதியும். அந்த நேரத்தில் நாய்க்கு ஆள் அடையாளம் தெரியாது.

பூனைதானே என்பது

நாய்க்கடிக்கு ஓடுபவர்கள் பூனைக்கடியை உதறிவிடுவார்கள். பூனையின் பல் தையல் ஊசி போன்றது. ஓட்டை சிறியது, ஆழம் அதிகம், மேலே சீக்கிரம் மூடிக்கொள்ளும். கிருமி உள்ளே மாட்டிக்கொள்ளும். எனக்கு வலது ஆள்காட்டி விரலில் ஒரு பூனை காலையில் கடித்தது, இரவு படுக்கும்போது விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. மூட்டுக்குள் போயிருந்தால் விரலை மடக்கவே முடியாமல் போயிருக்கும் என்றார் டாக்டர். கை, மூட்டுப் பக்கம் பூனை கடித்தால் வீங்கட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே காட்டுங்கள். வெறிநோய் ஊசிக் கணக்கு பூனைக்கும் உண்டு. பிடிக்கும்போது தடித்த தோல் கையுறையைவிடப் பெரிய துண்டு நல்லது என்பது என் அனுபவம். கையுறைக்குள் எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாது. நசுக்கினால் பூனை சும்மா இருக்குமா?

கர்ப்பிணிகள் பூனையின் மலத்தட்டைச் சுத்தம் செய்ய வேண்டாம். மற்றவர்கள் தினமும் செய்யுங்கள். பூனை மலத்தில் வரும், வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும்; தினமும் அள்ளினால் அதற்கு அந்த அவகாசம் கிடைக்காது.

வாசனை வந்தால் சுத்தமா?

ப்ளீச், ஆசிட், பினாயில் மூன்றையும் ஒரே வாளியில் ஊற்றி ‘ஸ்ட்ராங்’காகக் கழுவுவதில் சிலருக்குத் தனிப் பெருமை. ப்ளீச்சோடு கழிப்பறை ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத கூண்டு வரிசையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். நாய் மூத்திரம் தேங்கிய தரையில் நேரடியாக ப்ளீச் ஊற்றினாலும் அமோனியாவோடு சேர்ந்து கண்ணெரியும் புகை வரும். முதலில் மலத்தை அள்ளி, சோப்புத் தண்ணீரால் தேய்த்து, அலசிவிட்டுத்தான் ப்ளீச். அழுக்கு இருக்கும் இடத்தில் ப்ளீச் வேலையும் செய்யாது, நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் அப்படியே இருக்கும். கடையில் வாங்கும் 5 சதவீத ப்ளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் 32 பங்கு, 10 நிமிஷம் ஊறட்டும். நேற்றுக் கலந்ததை இன்று ஊற்றாதீர்கள். பூனை அறையில் கருப்பு பினாயில் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள பீனாலை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு.

மழைக்காலத்தில் இன்னொன்று சேரும். நாய்களுக்கு வேகவைத்த சோறு மிச்சமிருந்தால் எலி வரும், எலி வந்தால் எலிக்காய்ச்சல் வரும். தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நிற்பவரின் பித்தவெடிப்பு வழியாகவே கிருமி ஏறும். பூட்ஸ் வாங்கிக் கொடுத்தால் ‘வேர்க்குது’ என்று செருப்புக்கு மாறிவிடுவார்கள், நானும் மாறியவன்தான். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால், “நான் நாய்க் காப்பகத்தில் வேலை செய்கிறேன்” என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் மாத்திரையோடு திரும்பி வருவீர்கள்.

காது விஷயம் யாரும் பேசுவதில்லை. 85 டெசிபலில் எட்டு மணிநேரம் இருந்தாலே கேட்கும் திறன் பாதிக்கும் என்பது கணக்கு. சாப்பாட்டு நேரத்தில் நாய்க்கொட்டகை 100ஐத் தாண்டும். பஞ்சு போதாது, காதடைப்பான் வாங்குங்கள்.

சனி ஞாயிறு வரும் ஐ.டி. தம்பி தங்கைகளுக்கு: கழுத்தில் தொங்கும் ஆபீஸ் அட்டையைக் கழற்றி வையுங்கள். குட்டி நாய்க்கு அது விளையாட்டுக் கயிறு, பெரிய நாய்க்கு உங்கள் முகத்தை இழுக்கும் கயிறு. முகத்தோடு முகம் வைத்து செல்ஃபி வேண்டாம்.

கடைசியாக ஒரு நோட்டு. யாருக்கு, எந்தக் கூண்டு நாய், எத்தனை மணிக்கு, என்ன காயம். ‘முதலாளி திட்டுவார்’ என்று மறைப்பதால்தான் வெறிநோய் இருக்கிறதா என்று பத்து நாள் கண்காணிக்க வேண்டிய நாய் அடுத்த நாளே தெருவில் விடப்படுகிறது. ஈடு கேட்கும் நாள் வந்தால் ஈ.எஸ்.ஐ. அலுவலகத்தில் கேட்பதும் இந்த எழுத்தைத்தான். எங்கள் காப்பகத்தில் நோட்டு ஆபீஸ் மேஜைக்குள் பூட்டிக் கிடந்தவரை மாதம் இரண்டு பதிவு வந்தது. குழாயடிச் சுவரில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, தமிழிலோ கன்னடத்திலோ எழுதலாம் என்ற மாதம் பதினேழு வந்தது. நாய்கள் அதேதான்.