பாரிசவாதம் வந்த காலுக்குப் பயிற்சியும் அக்குபஞ்சரும்: எங்க தொடங்கிறது?

அப்பாவுக்கு வலது கால் இழுத்துப்போட்டு கிளிநொச்சி வீட்டில கிடந்த நேரம் வந்த ஆக்கள் ஒவ்வொண்டு சொன்னவை, எண்ணெய் போட்டுப் பிடியுங்கோ எண்டு சிலபேர், அக்குபஞ்சர் ஊசி குத்தினா எழும்பிடுவார் எண்டு சிலபேர். இப்ப அவர் பொல்லைப் பிடிச்சு கிணத்தடி மட்டும் தானே போய் வாறார். இடையில நாங்கள் பழகினதைத்தான் எழுதிறன்.

முதல்ல ஒண்டு விளங்கோணும். காலுக்குப் பெலம் தாறது பயிற்சி, ஊசி துணைக்குத்தான். பழுதானது மூளையில, ஆனா பாவிக்காத தசை மெலிஞ்சு போகும், திரும்பத் திரும்ப வேலை வாங்கினாத்தான் மூளையும் புது வழி பழகும். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசிற கொக்ரேன் எண்ட அமைப்பு 2016இல விட்ட தொகுப்பு 31 ஆய்வைப் பார்த்திட்டு, அக்குபஞ்சரால பலன் இருக்கலாம், ஆனா ஆய்வுகளின்ர தரம் காணாது எண்டுதான் சொன்னது. ஊசியை நம்பிப் பிசியோவை விட்டிடாதேங்கோ.

படி 1: கிளினிக்கில, பிரஷர் எவ்வளவு வரைக்கும் இருந்தாப் பயிற்சி செய்யலாம் எண்டு கேட்டு எழுதி வையுங்கோ. ரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுறவர் எண்டா ஊசி குத்திறவருக்குக் கட்டாயம் சொல்லோணும். பேஸ்மேக்கர் வைச்சவைக்கு கரண்ட் குடுக்கிற ஊசி வேண்டாம்.

படி 2: கதிரையிலயிருந்து எழும்புறது. வேற எதை விட்டாலும் இதை விடாதேங்கோ. பிளாஸ்டிக் கதிரை வழுக்கும், மரக்கதிரையைச் சுவரோட அண்டி வையுங்கோ. பாதம் ரெண்டையும் பின்னுக்கு இழுத்து, நல்லா முன்னுக்குக் குனிஞ்சு எழும்போணும். எல்லாரும் நல்ல காலிலதான் பாரத்தைப் போடப் பார்ப்பினம், அதால நல்ல காலைக் கொஞ்சம் முன்னுக்கு வைச்சு விடுங்கோ, அப்ப ஏலாத கால் வேலை செய்துதான் ஆகோணும். நீங்கள் ஏலாத பக்கம் நில்லுங்கோ, ஆனா கையைப் பிடிச்சு இழுக்காதேங்கோ, தோள்மூட்டு பழுதாப் போகும், சாறத்துக்கு மேல பெல்ட் கட்டி அதைப் பிடியுங்கோ. மூச்சை அடக்கினா பிரஷர் ஏறும், அதுக்காகத்தான் அப்பாவைச் சத்தமா எண்ணச் சொல்லுவம். 10 தரம், ஓய்வு, பேந்து ஒருக்கா.

படி 3: படுத்து முழங்காலை மடிச்சு இடுப்பைத் தூக்கிறது, இருந்துகொண்டு காலை நீட்டுறது, பாதத்தை மேல தூக்கிறது. 15 தரம் லேசாப் போனா சொக்ஸுக்குள்ள அரைக்கிலோ மணல் போட்டுக் கணுக்காலில கட்டுங்கோ. கிழமைக்கு 2, 3 நாள், இடையில ஒரு நாள் விட்டு.

படி 4: ஊசி. முறையாப் படிச்சுப் பதிவுள்ள ஆளிட்ட மட்டும். ஒருக்காப் பாவிச்சு எறியிற ஊசியோ எண்டு பாருங்கோ, பைக்கற்றைக் கண்ணுக்கு முன்னால உடைக்கச் சொல்லுங்கோ. காலுக்கு வழமையாக் குத்திற இடங்களில ஒண்டுக்குப் பேர் சூசான்லி, முழங்கால் சில்லுக்குக் கீழ 4 விரல், முன்னெலும்புக்கு வெளிப்பக்கம் ஒரு விரல். வீட்டில குத்திப் பாக்கிற வேலை வேண்டாம், அதில பெருவிரலால மெல்லமா அமத்தலாம், உணர்ச்சி குறைஞ்ச கால் எண்டு நினைவிருக்கட்டும்.

ஊசி முடிய சிலருக்குத் தலை சுத்தும், அப்பாவுக்கும் ஒருக்கா வந்தது, வெயிலுக்க பஸ்ஸில வேற வந்தவர். அதுக்குப் பிறகு ஊசி நாளில சாப்பிட்டு, படுத்தெழும்பி, வெயில் தாழத்தான் பயிற்சி.

நெஞ்சு நொந்தா, வாய் கோணினா, பேச்சுக் குழறினா, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சுட்டா உடன நிப்பாட்டி 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் காசில்லாம வரும்.

எத்தினை தரம் எழும்பினவர் எண்டு ஒவ்வொரு நாளும் கலண்டரில எழுதுங்கோ. எங்கட கலண்டரில முதல் நாள் 3 எண்டு கிடக்கு.