நாயோடு ஜெர்மனி போகிறீர்களா? ஐந்து மாதம் முன்பே ஆரம்பியுங்கள்

விசா வந்த பிறகு நாய்க்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நாயைக் கொண்டுபோக, நாள் கணக்குதான் பெரிய விஷயம்.

முதலில் நாயின் தோலுக்கடியில் பொருத்தும், 15 இலக்க அடையாள எண் கொண்ட மைக்ரோசிப். அதன் பிறகுதான் வெறிநாய்க்கடி தடுப்பூசி. சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி கணக்கில் வராது. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ரத்தத்தில் எதிர்ப்புச்சக்தி அளவு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் (IU/ml) குறையக்கூடாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருப்பு. ஒவ்வொரு தாளிலும் சிப் எண்ணை நீங்களே ஒருமுறை சரிபாருங்கள், ஓர் இலக்கம் மாறினாலும் சிக்கல்தான்.

புறப்படும் வாரத்தில் அரசு கால்நடை மருத்துவரின் சுகாதாரச் சான்றிதழ். விமான நிறுவனத்திடம் முன்பே பேசுங்கள். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை.

நாய் பயணிக்கும் கூண்டை இப்போதே வாங்கி, கதவைத் திறந்தபடி வீட்டுக்குள் வையுங்கள். சாப்பாட்டை அதற்குள்ளேயே கொடுங்கள். நீங்கள் உடுத்திய பழைய லுங்கியைத் துவைக்காமல் உள்ளே விரித்தால், அந்த வாசனையிலேயே பிள்ளை நிம்மதியாகப் படுத்துக்கொள்ளும். தண்ணீர்க் கிண்ணத்தை ஃப்ரீசரில் உறையவைத்து மாட்டினால் ஏற்றும்போது சிந்தாது, மெதுவாக உருகும்.

தூங்கட்டுமே என்று மயக்க மருந்து மட்டும் கொடுத்துவிடாதீர்கள். உயரத்தில் அதற்கு மூச்சுத் திணறலாம்.